வாசனை இல்லாத ஈரம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? அத்தானின் இருமல் நின்றதா? மைனாவுக்கு என் பங்குக்கு ஒரு முத்தம் கொடு. எச்சில் பட்டால் துடைக்காதே, அது என் பங்கு.

அன்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. எனக்குப் போனில் பேச்சு வராது. அங்கே மைனா கத்துகிறாள், இங்கே என் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்கள். "ம், ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். எழுதினால்தான் வருகிறது.

மைனாவின் இடுப்பு மூட்டு நழுவியிருப்பதால் ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்று உங்கள் ஊர் எலும்பு டாக்டர் சொன்னது சரி. முதுகில் பம்பின் குழாய் இருப்பதால் வலிக்கென்று அங்கே ஊசி போட முடியாது என்றதும் சரி. ஆனால் அதனால் வலியைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்றது சரியில்லை. மைனாவின் வயிற்றுத் தோலுக்கடியில் இருக்கும் அந்த வட்டப் பம்பிலிருந்து ஒரு மெல்லிய குழாய் விலாவைச் சுற்றி முதுகுத்தண்டுக்குள் போகிறது அல்லவா? அதன் வழியே போகும் மருந்துதான் அவள் கைகால் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. முதுகில் ஊசியை இறக்கினால் அந்தக் குழாய் கிழியக்கூடும். அதனால் எங்கள் மருத்துவமனையில் முதுகைத் தொடுவதே இல்லை. முதலில் எக்ஸ்ரே எடுத்துக் குழாய் போகும் வழியைப் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு தொடை தொடங்கும் மடிப்பில், ஸ்கேன் திரையைப் பார்த்தபடி, நரம்புக்குப் பக்கத்தில் நூல் போன்ற ஒரு குழாயைச் செலுத்தி விட்டுவைக்கிறார்கள். அதை வெளியே ஒரு மருந்துப் பந்தோடு இணைப்போம். பந்து தானாகச் சுருங்கிச் சுருங்கி மூன்று நாளைக்கு மருந்தைத் தள்ளும். இடுப்பு மரத்துக் கிடக்கும்.

ஊசி போடுவது டாக்டர்கள். தட்டில் சாமான் எடுத்து வைப்பது, குழாயை ஒட்டுவது, பிறகு வார்டுக்குப் போய், வலி பத்துக்கு எத்தனை என்று குறிக்கும் வலித்தாளை நிரப்புவது மயக்கமருந்துப் பிரிவு டெக்னீஷியனான நான்.

இந்த இடம் கோயில் என்று சொல்ல மாட்டேன். மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜில் யாரோ பாதி கடித்த பன் இருக்கிறது. கைகழுவும் தொட்டியில் டீத்தூள் அடைத்து நிற்கிறது. ஆபரேஷன் அறைச் செருப்புகளில் யாருடைய ரத்தமோ காய்ந்திருக்கும், யார் காலுக்கு எது என்றே கிடையாது. நான் குதிகால் படாமல் நடப்பதைப் பார்த்து வார்டு ஆயாம்மா, "என்னம்மா, டான்ஸ் கிளாஸா?" என்கிறாள். ஆனால் வலிக்கு இங்கே வைத்தியம் இருக்கிறது. மைனாவைக் கூட்டி வா.

உன் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் தங்கை.

ஜனவரி 27

என் ஊமைக்கோட்டானுக்கு அக்கா எழுதுவது,

இங்கே எல்லோரும் சுகம். என் முதுகை மட்டும் நீ நேரில் வந்து விசாரித்துக்கொள், அது என் பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பன் பற்றியும் ரத்தம் பற்றியும் எழுதியதைப் படித்தால் சாப்பிடுவாய் என்று தோன்றவில்லை.

நான் எலும்பு டாக்டரிடம் மறுபடி போனேன். வலிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் சீட்டில் எழுதிக்கொண்டே, "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு வலியெல்லாம் நம்மள மாதிரி தெரியாதும்மா" என்றார். மைனாவை அவர் தொடவேயில்லை. ஆனால் பேசி முடித்ததும் மேஜையில் இருந்த மருந்தை ஊற்றி இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டார். தொடாத கைக்கு என்ன கழுவல்? வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி கைக்குட்டையை எடுத்துச் சீட்டைத் துடைத்தாள். மைனாவின் எச்சில் அவள் பக்கம் போகவே இல்லை. எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பியிருந்தால் அது என் எச்சில், துடைக்கக் காரணமாவது இருந்திருக்கும்.

வருகிறோம். ஆனால் இதை எழுதி வைத்துக்கொள். மைனா கத்தினால் பயப்பட வேண்டாம். பசி, கோபம், சந்தோஷம் எல்லாவற்றுக்கும் கத்துவாள். வலி வந்தால் சத்தம் நின்றுவிடும். மூச்சைப் பிடிப்பாள். இடது கால் கட்டைவிரல் மேலே தூக்கிக்கொள்ளும். கண் என்னை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கும். ஒன்பது வருஷம் பார்த்துத் தெரிந்துகொண்டது. எந்த டாக்டரும் கேட்டதில்லை.

நான் பக்கத்திலேயே இருக்கலாமா? நீ இருப்பாயா? நீ இருப்பாய் என்றுதான் வருகிறேன், வேறு யாரை நம்பியும் இல்லை.

அக்கா.

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன். ஏப்ரல் 8 அன்று மைனாவுக்கு ஆபரேஷன் தேதி வாங்கிவிட்டேன். பெரிய டாக்டரிடம் நானே வாய் திறந்து கேட்டேன், நம்பு. தாய் கூடவே இருக்கலாம். சின்ன டாக்டரம்மாவும் இருப்பார். ஊசி போட்ட பிறகும் குழந்தையின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவர்.

மைனாவைப் பற்றி நீ எழுதியதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் வலித்தாளின் பின்பக்கம் இதற்கென்றே அரைப் பக்கம் விட்டிருக்கிறார்கள். 'இக்குழந்தை வலியை எப்படிக் காட்டும்? பெற்றோரிடம் கேட்டு எழுதவும்' என்று அச்சடித்திருக்கும். அதில் எல்லோரும் எழுதுவது ஒரே சொல்: 'பேசாது'. நானும் அதைத்தான் எழுதி வருகிறேன். காலையில் பத்துத் தாள் நிரப்ப வேண்டும், உட்கார்ந்து கேட்க நேரமில்லை. மைனாவின் தாளில் மட்டும் இடம் போதாமல் ஓரத்தில் எழுதப் போகிறேன்.

இப்போது வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், மைனா மாதிரியே ஒரு குழந்தை. ஏழு வயது. அதே பம்ப், அதே இடுப்பு ஆபரேஷன். முந்தாநாள்தான் முடிந்தது. தாய் தையற்காரம்மா. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்திருக்கிறது. முதல் நாள் குழந்தை விடாமல் அழுதாள், உடம்பு வில்லாக விறைத்தது. இறுக்கம்தான் என்று பெரிய டாக்டர் வயிற்றுப் பம்பின் அளவை இரண்டு முறை கூட்டினார். வெளியிலிருந்தே ஒரு கருவியை வயிற்றில் வைத்து மாற்றிவிடலாம். இப்போது அமைதியாகிவிட்டாள். என் தாளில் வரிசையாகப் பூஜ்யம். பார்க்கவே அழகாக இருக்கிறது.

ஒரே தொல்லை, படுக்கை நனைந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளில் நான்கு விரிப்பு. ஆயாம்மா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மாற்றுகிறாள். தையற்காரம்மா, "இது மூத்திரம் இல்லைங்க, வாடையே இல்ல பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அதற்கு ஆயாம்மா, "காக்காய்க்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். அதுக்காக மூத்திரமும் பன்னீரா?" என்று கேட்டாளே பார். வார்டே சிரித்தது. பாவம்தான், ஆனாலும் ஆயாம்மா சொல்கிற விதம் அப்படி.

மைனாவுக்கு முத்தங்களுடன்,
உன் தங்கை.

பிப்ரவரி 24

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது,

சுகம். மைனாவுக்குச் சளி, அதுவும் குறைந்துவிட்டது. அத்தான் ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டார். மூவருக்கும் கீழ்ப்படுக்கை கேட்டிருக்கிறோம்.

உன் கடிதத்தில் அந்தப் பன்னீர் பேச்சை இரண்டு முறை படித்தேன். அத்தானுக்கும் படித்துக் காட்டினேன். இங்கே யாரும் சிரிக்கவில்லை. மைனாவின் துணியை ஒன்பது வருஷமாக இந்தக் கையால்தான் அலசுகிறேன். எந்த ஈரம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெற்றவள் வாடை இல்லை என்றால் வாடை இல்லை.

இன்னொன்று. 'இப்போது அமைதியாகிவிட்டாள்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை விட்டு என் கண் நகரவில்லை. நான் உனக்கு எழுதியது ஞாபகம் இருக்கிறதா?

அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள்? உடனே எழுது.

அக்கா.

மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இரண்டு வாரமாகப் பதில் இல்லை. போன் செய்தால், கூட தங்கியிருக்கும் பெண் நீ குளிப்பதாகச் சொல்கிறாள். மூன்று முறையும் குளிக்கிறாய். அவ்வளவு அழுக்கா?

ஜன்னலோரக் குழந்தை எப்படி இருக்கிறாள்?

அக்கா.

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா? மைனாவின் சளி விட்டதா? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. வேலை அதிகம்.

ஏப்ரலில் வெயில் இன்னும் கடுமையாக இருக்கும். மைனாவுக்கு ரயிலில் சிரமம். கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று யோசி. இங்கே வார்டுக்கு வெள்ளையடிக்கப் போவதாகவும் பேச்சு. வேறு நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று அத்தானை விசாரிக்கச் சொல்லலாம். எல்லோரும் எங்கள் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும் என்று இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை.

மார்ச் 20

ஊமைக்கோட்டானுக்கு,

நாங்கள் சுகம், வெயிலும் சுகம்.

நீ எட்டாவதில் கணக்கில் தோற்றபோது ஒரு வாரம் யாரும் சொல்லாமலே வீட்டைப் பெருக்கினாய். ஐந்தாம் நாளே அம்மா என்னிடம், "இவ எதையோ முழுங்கிட்டு நிக்கிறா, வாயைத் திறக்கச் சொல்லு" என்றாள். இப்போது யாரும் கேட்காமலே வெயிலைப் பற்றி எழுதுகிறாய்.

வேறு ஆஸ்பத்திரி விசாரித்தாயிற்று. மூன்று இடத்தில் பம்பைப் பார்த்ததுமே கையை விரித்தார்கள். ஒரு இடத்தில் பம்பை எடுத்துவிட்டு வாருங்கள் என்றார்கள், பல் செட்டைக் கழற்றச் சொல்வதுபோல. வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்துதான் உன்னிடம் வருகிறேன்.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறாளா?

அக்கா.

மார்ச் 26

அக்கா,

உயிரோடு இருக்கிறாள். வீட்டுக்குப் போய்விட்டாள். முதலில் அதை எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள் பந்து முழுவதும் சுருங்கியிருந்தது. குழாயை எடுக்கப் போனேன். அதற்கு முன்பும் தினம் இரண்டு முறை அந்தக் கட்டிலுக்குப் போயிருக்கிறேன். போர்வை நுனியை இரண்டு விரலால் தூக்குவேன், மூச்சைப் பிடித்துக்கொள்வேன், பந்து சுருங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போட்டுவிடுவேன். நனைந்த இடத்தை யார் குனிந்து பார்ப்பார்கள்? அன்று குழாயை எடுக்க வேண்டியிருந்ததால் குனிந்தாக வேண்டும்.

நரம்புக்குப் போகும் குழாயும் பந்திலிருந்து வரும் குழாயும் சேரும் இடம் விட்டுப்போயிருந்தது. முதல் நாளே துணி மாற்றும்போது இழுபட்டிருக்க வேண்டும். டயப்பர் உலர்ந்திருந்தது. அதன் ஓரத்துக்குக் கீழே மெத்தை மட்டும் சொதசொதவென்று கிடந்தது. நான் கையுறையைக் கழற்றி, ஈரத்தைத் தொட்டு மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

மூன்று நாளும் மருந்து மெத்தைக்குத்தான் போயிருக்கிறது. பந்து வேலை செய்கிறது என்று நம்பி வேறு வலி ஊசி எதுவும் போடவில்லை. எலும்பை வெட்டித் தகடு வைத்துத் திருகிய இடுப்பு, அக்கா. அவள் விறைத்தது வலியில். நாங்கள் இறுக்கம் என்று சொல்லி வயிற்றுப் பம்பைக் கூட்டிக் கூட்டி அவளைத் துணிபோல ஆக்கிவிட்டோம். நீ எழுதியது அப்போதுதான் உறைத்தது, அவள் கட்டைவிரலைப் பார்த்தேன். அது தூக்கவில்லை. தூக்க முடியாது. அவள் வலியைக் காட்ட வைத்திருந்த ஒரே வழியையும் மருந்து ஊற்றி அடைத்திருந்தோம். அதற்கு நான் பூஜ்யம் போட்டிருந்தேன். இன்னொரு மோசம், எட்டு மணிப் பூஜ்யத்தை நான் ஏழரைக்கே போட்டுவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், வேலை குறையும் என்று.

மூச்சை எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு ஏழு, இருபது இருக்க வேண்டியது. வார்டில் என் குரல் முதல் முறையாக அன்றுதான் கேட்டது. சின்ன டாக்டரம்மா ஓடி வந்து பம்பைக் குறைத்தார். நான்கு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். ஐந்தாம் நாள் கத்தினாள். வார்டு முழுக்க முகத்தைச் சுளித்தது. எனக்கு அழுகை வந்தது.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு அன்றே எழுதியிருப்பேன்.

பெரிய டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு அறிக்கை தயாராக இருந்தது. 'இரண்டாம் நாள் குழந்தையே குழாயை இழுத்துவிட்டது' என்று. அந்தக் குழந்தையின் கைகள் பிறந்ததிலிருந்து மூடியே இருக்கின்றன. தாய் நகம் வெட்டவே ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டும். "தாள் முழுக்க உன் கையெழுத்துதாம்மா இருக்கு. உனக்காகத்தான் சொல்றேன். உங்க வீட்ல நீதானே மொதல் படிச்ச பொண்ணு?" என்றார். பேனாவை நீட்டினார். பேனாவில் ஆரஞ்சுச் சாறு ஒட்டியிருந்தது.

கையெழுத்துப் போட்டேன்.

சோப்பு போட்டு எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பிசுபிசுப்பு விரலில் இருக்கிறது. நீ போன் செய்தபோதெல்லாம் நான் பொய் சொல்லவில்லை, குளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தையற்காரம்மாவிடம் அறிக்கையைப் படித்துக் காட்டியபோது நானும் நின்றேன். அவள் மகளின் வலது கையை எடுத்து, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். அது தானாக மூடிக்கொண்டது.

இப்படிப்பட்ட இடத்துக்கு மைனாவைக் கூட்டி வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வராதே என்று சொல்லவும் இல்லை.

தங்கை.

ஏப்ரல் 1

உன் கடிதம் கிடைத்தது. சமையலறையில் படித்தேன். படித்ததும் கையில் வைத்திருக்கப் பிடிக்காமல் அடுப்பு மேடையில் போட்டேன். பிறகு அங்கேயும் பிடிக்காமல் வாசலில் கொண்டுபோய் வைத்தேன்.

ஆயாவைத் திட்ட மாட்டேன். அவள் மூக்கைப் பொத்தியதை மறைக்கவில்லை. அந்த டாக்டரையும் விடு, அப்படிப்பட்டவர்களை ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். நீ, 'மைனாவின் எச்சிலைத் துடைக்காதே, என் பங்கு' என்று எழுதுகிறவள். அதே கையால் ஒரு குழந்தையின் மூடிய கைமேல் பழியைப் போட்டாய். அவளுக்குப் பேச வராது, அதனால் மறுத்துச் சொல்ல மாட்டாள். உனக்குப் பேச வரும். அதுதான் எனக்குக் குமட்டுகிறது.

நீ படிக்க வேண்டும் என்று நான் பள்ளிக்கூடத்தை விட்டதை இதுவரை உன்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. இன்றும் சொல்லிக் காட்டவில்லை. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

எட்டாம் தேதி வரவில்லை. மைனாவுக்கு உட்கார்ந்தால் வலிக்கிறது, படுத்தால் வலிக்கிறது. அவள் சத்தம் நாளுக்கு நாள் குறைகிறது. வீடு அமைதியாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

அந்தத் தாயிடம் போய்ச் சொல். சொல்லும்வரை எனக்கு எழுதாதே.

ஏப்ரல் 19

அக்கா,

போனேன். எழுதலாம் அல்லவா?

கடை ஒரு படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், பக்கவாட்டில் அணைப்பு வைத்த ஒரு தொட்டி நாற்காலி. நாற்காலியில் குழந்தை. என்னைப் பார்த்தும் தையற்காரம்மா மிதிக்கும் காலை நிறுத்தவில்லை. ஒரு பாவாடையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டே இருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விட்டுப்போன குழாய், மருந்து குடித்த மெத்தை, பூஜ்யங்கள், கையெழுத்து. ஓரம் முடியும்வரை தைத்தாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா. என் பொண்ணு கை எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "அன்னைக்கு அந்தம்மா பன்னீர்னு சொன்னப்ப நீயும் சிரிச்சே. மத்தவங்க வாயத் திறந்து சிரிச்சாங்க. நீ கையால வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சே" என்றாள்.

இதை உனக்கு நான் எழுதவில்லை. 'வார்டே சிரித்தது' என்று எழுதினேன். உன்னிடமும் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை, திருப்பித் தரவும் இல்லை. "எழுதிக் குடு" என்றாள். அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து எழுதினேன். நடந்தது நடந்தபடி, என் தப்பு முதலில். ஒரு பிரதி அவளுக்கு, ஒன்று மருத்துவமனை நிர்வாகத்துக்கு. எழுதி முடிக்கும்வரை குழந்தை கத்திக்கொண்டே இருந்தாள். நல்ல சத்தம்.

அப்புறம் நடந்தது நீ எதிர்பார்க்கக்கூடியதுதான். பெரிய டாக்டர் விடுப்பில் இருக்கிறார், விசாரணை என்கிறார்கள். என்னோடு உட்கார்ந்து டீ குடித்தவர்கள் இப்போது தம்ளரை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகிறார்கள், ஒட்டுவாரொட்டி மாதிரி. என்னை எட்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். கருவிகளைக் கழுவி அடுக்கும் வேலை. சீழும் ரத்தமும்தான். நேர்மையான அழுக்கு, கழுவினால் போகிறது.

ஆயாம்மாவிடமும் சொன்னேன். "அது மூத்திரம் இல்லையா?" என்று கேட்டாள். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மைனாவுக்கு மே 20 தேதி கிடைக்கும். சின்ன டாக்டரம்மாவே ஊசி போடுவதாகச் சொல்லியிருக்கிறார். குழாய் சேரும் இடத்தில் கண்ணாடிபோலத் தெரியும் ஒட்டுத்தாள்தான் ஒட்ட வேண்டும், தினம் இரண்டு முறை அந்த இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் நான் இருப்பேன் என்று நம்பித்தான் வருவதாக எழுதினாய். நான் இருக்க மாட்டேன். தாளின் பின்பக்க அரைப் பக்கத்தை நீயே நிரப்ப வேண்டும்.

வருவதும் வராததும் உன் முடிவு.

தங்கை.

மே 23

என் ஊமைக்கோட்டானுக்கு அக்கா எழுதுவது,

நாங்கள் மூவரும் சுகம். நீ சுகமா? கையில் சோப்புப் புண் ஆறியதா? தேங்காய் எண்ணெய் தடவு.

இதை ஜன்னலோரக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். அதையே கேட்டு வாங்கினேன். ஆபரேஷன் முடிந்து இன்று மூன்றாம் நாள்.

நீ சொன்ன அரைப் பக்கத்தில் இடம் போதவில்லை. அட்டைப்பெட்டியைக் கிழித்து, கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் கட்டிவிட்டேன். 'சத்தம் போட்டால் நலம். சத்தம் நின்றால் டாக்டரைக் கூப்பிடவும். என்னைக் கேட்காமல் வயிற்றுப் பம்பைத் தொடக் கூடாது. ஈரம் இருந்தால் மோந்து பார்க்கவும்.' கடைசி வரியைப் பார்த்து ஒரு நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். "ஆஸ்பத்திரியில இப்படியெல்லாம் எழுதலாமா?" என்றாள். ஆஸ்பத்திரியில் எழுதக் கூடாததை எல்லாம் நீங்கள் எழுதி முடித்த பிறகுதான் நான் வந்திருக்கிறேன் என்றேன். சின்ன டாக்டரம்மா அட்டையை ஒரு முறை படித்தார். கட்டு தளர்ந்திருந்த ஒரு மூலையை அவரே இறுக்கிவிட்டுப் போனார்.

முதல் இரண்டு நாள் நான் தூங்கவில்லை. மைனாவின் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை விரிப்பு நனைந்தது.

எழுந்திருக்கப் பார்த்தேன், கால் மரத்துப்போய்விட்டது, மைனாவின் மருந்து எனக்கு ஏறினதுபோல. ஆயாம்மா வந்தாள். அட்டையைப் பார்த்தாள். மூக்கைப் பொத்தவில்லை. விரிப்பைச் சுருட்டி, இரண்டு கையாலும் முகத்துக்குக் கொண்டுபோய், நாம் துவைத்த துணியை மோந்து பார்ப்போமே, அப்படி ஆழமாக மோந்தாள். வார்டு முழுக்க அவளைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

"மூத்திரம்தான்மா," என்றாள். "அசல் மூத்திரம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாங்கி நானும் மோந்து பார்த்தேன். குப்பென்று அடித்தது. என் மகளுடையதுதான். அப்புறம் ஒட்டுத்தாள் வழியாகக் குழாயைப் பார்த்தோம், சேர்ந்த இடம் சேர்ந்தபடியே இருந்தது. ஆயாம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரமெல்லாம் மைனா கத்திக்கொண்டிருந்தாள். பசி. பக்கத்துக் கட்டில்காரர் காதைப் பொத்திக்கொண்டார். பொத்தட்டும்.

அடுத்த மாதம் ஒரு நாள் லீவு போட்டு வா. மைனா எச்சிலில் உன் பங்கை நான் நான்கு மாதமாகத் துடைக்காமல் வைத்திருக்கிறேன்.

அக்கா.